வேலி ஆஃப் ஃபயர் பூங்காவில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸிலிருந்து வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, மொஹாவி பாலைவனத்துக்குள் இருக்கிறது வேலி ஆஃப் ஃபயர். நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இதுதான்; 1935இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஊதா என்று நிறம் நிறமாக மடிந்து கிடக்கும் மணற்கல் பாறைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் பத்து மணிக்கு ஊரிலிருந்து கிளம்பி, உச்சி வெயிலில் வந்து இறங்கி, இரண்டு படம் எடுத்துவிட்டு, பாறையெல்லாம் வெளிறிக் கிடக்கிறதே என்ற குறையோடு திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் வந்த நேரம்தான் தப்பு. சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது இந்தப் பாறைகளில் நிழலே விழாது. வரிகள் தெரியாது, நிறம் அடங்கிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும்தான் நிறம் எழும் நேரம். பகலில் வந்து போகிறவர்களுக்குப் பூங்கா சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடிவிடும். அந்த இரண்டு பொழுதும் அவசரமில்லாமல் கைக்குக் கிடைக்க வேண்டுமானால் ஓர் இரவு உள்ளே தங்குவதுதான் வழி.

எப்போது போவது

நவம்பர் முதல் மார்ச் வரை. அக்டோபரும் ஏப்ரலும் பரவாயில்லை, ஆனால் பகல் வெயில் உறைக்கும். வசந்தத்தில் காற்று பலமாக அடிக்கும். குளிர்காலப் பகல் நடப்பதற்கு இதமாக இருக்கும். இரவு மட்டும் டிசம்பர், ஜனவரியில் உறைநிலையை ஒட்டி இறங்கும்.

கோடையில் போகாதீர்கள். இங்கே கோடை வெயில் சாதாரணமாக 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், சில நாள் 49ஐத் தொடும். அலைபோல் வரியோடிய பாறைக்குப் போகும் ஃபயர் வேவ், வைட் டோம்ஸ் உட்படப் பல நடைபாதைகளைப் பூங்கா நிர்வாகமே கோடையில் மூடிவிடுகிறது. செப்டம்பர் 30 வரை திறப்பதில்லை. 2023 ஜூலையில் இங்கே நடக்கப் போன இரண்டு பெண்கள் உயிரோடு திரும்பவில்லை. மூடிய பாதையின் சங்கிலியைத் தாண்டிப் போகும் ஆசை யாருக்காவது வந்தால் அதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் இடிமழையும் உண்டு. ஆண்டு முழுக்கப் பெய்வதே 10 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் பெய்தால் வறண்ட ஓடைகளில் நிமிடங்களில் வெள்ளம் வரும். மழை நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. தொலைவிலுள்ள மலையில் பெய்தாலே போதும்.

இடம் பிடிப்பது

பூங்காவுக்குள் முகாம் போட இரண்டு இடங்கள்தான்: அட்லாட்டில் ராக், ஆர்ச் ராக். இரண்டும் சேர்த்து 70 இடங்களுக்குச் சற்று மேல். வேறெங்கும், காருக்குள் படுத்துக்கூட, இரவு தங்க அனுமதி கிடையாது. ரிசர்வ் நெவாடா என்ற மாநில இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். குளிர்கால வார இறுதிகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை எளிதாகக் கிடைக்கும்.

அட்லாட்டில் ராக்கில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடங்கள் இருக்கின்றன, குளியலறை இருக்கிறது. சின்னக் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பெரிய வண்டிகள் இங்கேதான் வரும். ஆர்ச் ராக் சிறியது, அமைதியானது. பாறைகளுக்கு இடையே ஒதுங்கிக் கிடக்கும், மின்சாரம் கிடையாது. டென்ட்டோடு போகிறவர்கள் முதலில் இங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாறைச் சுவரை ஒட்டிய இடம் கிடைத்தால் காற்றுக்குத் தடுப்பு கிடைக்கும். எந்தத் திசையில் சுவர் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் காலையிலோ மாலையிலோ நிழலும் கிடைக்கும்.

நுழைவுக் கட்டணம் வண்டிக் கணக்கு: நெவாடா எண் கொண்ட வண்டிக்கு 10 டாலர், வெளிமாநில எண்ணுக்கு 15. வாடகைக் காரில் வருகிறவர்கள் பின்னாலுள்ள எண் பலகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேகஸில் எடுத்த காரிலும் வேறு மாநில எண் இருக்கக்கூடும். முகாம் கட்டணம் இரவுக் கணக்கு. முன்பதிவு செய்யும்போதே தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்

தண்ணீர் முதலில். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 4 லிட்டர், சமைக்கவும் கழுவவும் இன்னொரு 2 லிட்டர். இரண்டு பகல், ஓர் இரவுக்கு இருவர் போனால் 24 லிட்டர். முகாமில் குழாய் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனாலும் கொண்டு போங்கள். குழாய் பழுதானால், கடையுள்ள அடுத்த ஊர் பூங்காவுக்கு வெளியே இருக்கும் ஓவர்ட்டன்தான். ஒரே பெரிய கேனில் நிரப்பாதீர்கள். ஐந்து லிட்டர் கேன்களாகப் பிரித்து வைத்தால் ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும்.

வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்ததும் காய்ந்துவிடும். உடம்பு நனையவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இன்னொரு பக்கம், உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். தண்ணீரோடு உப்புப் போட்ட ஏதாவது கொறித்துக்கொண்டே இருங்கள்.

டென்ட்டோடு கூட வரும் மெல்லிய கம்பி முளைகளை வீட்டிலேயே வைத்துவிடலாம். இங்கே தரை ஒரு சாண் தள்ளினால் மாறும். ஓரிடத்தில் சிமென்ட் போல இறுகிய சரளை, அடுத்த இடத்தில் பொடி மணல். சரளையில் கம்பி முளை வளைந்துவிடும், மணலில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த இரும்பு முளை எட்டு, அடிக்க ஒரு சுத்தியல், பிறகு மணல் நிரப்பக் கெட்டித் துணிப்பை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 5 டிகிரி வரை சமாளிக்கும் வகையாக இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் மெத்தை. பாலைவனத் தரை இரவில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நல்ல ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தும் நடுங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் மெத்தைதான் காரணம். மெத்தை குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர்-மதிப்பு 3க்குக் குறையாமல் பாருங்கள்.

மற்றவை: ஆளுக்கொரு ஹெட்லாம்ப், அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு மெழுகு, பிடிமானமுள்ள காலணி, ஒரு சீப்பு. சீப்பு எதற்கு என்று பின்னால் வரும். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வையுங்கள். பூங்காவில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது.

போகும் வழி

ஐ-15 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து 75ஆம் எண் வெளிவழியில் இறங்குங்கள். மொவாபா பையூட் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் அங்கேயே ஒரு பெட்ரோல் நிலையமும் கடையும் உண்டு. தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், ஐஸும் விறகும் வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் இல்லை. அங்கிருந்து மேற்கு வாசல் சுமார் 25 கிலோமீட்டர். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே வளைந்து வந்து, ஒரு திருப்பத்தில் சிவப்பு தெரியும்.

அந்தச் சாம்பல் மலைகள் சிவப்புப் பாறையைவிட வயதில் மூத்தவை. நிலத்தின் அழுத்தத்தில் தள்ளப்பட்டு இளைய பாறையின் மேலேறியவை. சிவப்புப் பாறை ஜுராசிக் காலத்தில் காற்றில் அலைந்த மணற்குன்றுகள் இறுகி ஆனது. பாறை முகத்தில் சாய்வாக ஓடும் வரிகள் அந்தக் குன்றுகளின் சரிவுகள்தான். இரும்பு ஆக்சைடு மணலுக்குச் சிவப்பைக் கொடுத்தது. பிறகு நிலத்தடியில் ஊடுருவிய நீர் சில இடங்களில் இரும்பைக் கரைத்து வெளுப்பாக்கியது, சில இடங்களில் வேறு வடிவில் படியவைத்து மஞ்சளும் ஊதாவும் ஆக்கியது. இதைத் தெரிந்துகொண்டு ஃபயர் வேவில் நின்றால் ஒவ்வொரு பட்டையும் நீர் போன தடமாகத் தெரியும்.

டென்ட் போடுவது

மதியம் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். முதலில் பார்வையாளர் மையம்: எந்தப் பாதை திறந்திருக்கிறது, காற்று எப்படி என்று ரேஞ்சரிடம் கேளுங்கள். பிறகு முகாம்.

டென்ட் வாசலைக் காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கமாக வையுங்கள். காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடித்து, பிறகுதான் கம்புகளை நிமிர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் டென்ட் பட்டமாகிவிடும். முளையை டென்ட்டை விட்டு வெளிப்புறம் சாய்ந்த நிலையில், தலை மட்டும் தெரிய அடியுங்கள். பொடி மணலாக இருந்தால் துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். எந்த முளையும் இந்தப் பிடி தராது. கிளம்பும்போது மணலைக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிடுங்கள். முகாமைச் சுற்றியுள்ள கற்களைப் பெயர்த்து வந்து கயிற்றில் கட்டக் கூடாது. பூங்காவில் கல், செடி, காய்ந்த குச்சி எல்லாமே பாதுகாக்கப்பட்டவை.

நடக்கப் போகும்போது பலத்த காற்று இருந்தால் கம்புகளைக் கழற்றி டென்ட்டைப் படுக்கவைத்து, மேலே கனமான பைகளை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது டென்ட் இருக்கும். உள்ளே வலைத்துணி அதிகமுள்ள கோடை டென்ட்டாக இருந்தால் காற்றில் நுண்மணல் புகுந்து படுக்கையெல்லாம் நிரம்பும்; வெளித்துணியை அந்தப் பக்கம் தரைவரை இறக்கிக் கட்டுங்கள்.

மாலை: ஃபயர் வேவ்

டிசம்பரில் நாலரை மணி அளவில் சூரியன் மறைந்துவிடும். எனவே இரண்டு மணிக்கே முகாமிலிருந்து கிளம்ப வேண்டும். பார்வையாளர் மையத்திலிருந்து வடக்கே போகும் வைட் டோம்ஸ் சாலையில் மூன்றாம் எண் பார்க்கிங். வழியில் ரெயின்போ விஸ்டாவில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். சாலையில் வளைவும் பள்ளமும் அதிகம். காட்டுச் செம்மறிகள் குறுக்கே வரும், நிதானமாக ஓட்டுங்கள்.

போய்வர சுமார் 2.4 கிலோமீட்டர். முதலில் மணல், பிறகு வெற்றுப் பாறை. நிழல் என்பதே இல்லை. பாறையில் தடம் பதியாததால் வழிகாட்டும் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போங்கள். அடுத்த கம்பம் கண்ணில் படும்வரை இப்போதைய கம்பத்தைவிட்டு நகராதீர்கள். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஆகவே கையிலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தால் எங்கிருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஃபயர் வேவ் பாறையின் மேல் நடக்கும்போது மெல்லிய விளிம்புகளில் கால் வைக்காதீர்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தகடாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்புகள் ஒரு மிதியில் உடைந்துவிடும். உடைந்த இடம் வெளிர்நிறத் தழும்பாக அப்படியே நிற்கும். மழைக்குப் பிறகு இன்னும் மோசம்: மணல்துகள்களைப் பிணைத்திருக்கும் பொருள் ஈரத்தில் இளகிப் பாறை வலுவிழக்கும். மழை பெய்து ஓரிரு நாள் ஆகாமல் எந்தப் பாறையிலும் ஏறாமலிருப்பது உங்கள் எலும்புக்கும் நல்லது. காய்ந்த பாறையில்கூட ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் உதிர்மணல் காலுக்கடியில் உருளும். இறங்கத் தெரியாத இடத்தில் ஏறாதீர்கள்.

அஸ்தமனத்துக்குள் காருக்கு வந்துவிடுங்கள். இருட்டிய பின் முகாமில் தங்குகிறவர்களும் முகாமுக்குள்தான் இருக்க வேண்டும். பாதைகளும் பார்க்கிங் இடங்களும் மூடப்பட்டவை. ட்ரோனுக்கு இங்கே அனுமதியில்லை.

இரவு

விறகு நெருப்பெல்லாம் முகாம் இடத்திலுள்ள கம்பியடுப்பிலும் தீக்குழியிலும் மட்டுமே. கேஸ் ஸ்டவ்வுக்குக் காற்றுத் தடுப்பு வைக்கும்போது சிலிண்டரையும் சேர்த்து முழுவட்டமாக மூடாதீர்கள். உள்ளே வெப்பம் தேங்கிச் சிலிண்டர் வெடிக்கும் ஆபத்து உண்டு. காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்தால் போதும். சாப்பாட்டுப் பொருளைக் காருக்குள் பூட்டுங்கள். கயோட்டியும் நரியும் இரவில் வரும், பகலில் அணில்கள் பையைத் தேடி வரும், அண்டங்காக்கைகள் ஜிப்பையே திறந்துவிடும்.

காலணியை டென்ட்டுக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேள் உண்டு. புற ஊதா டார்ச் இருந்தால் தேள் பச்சையாக ஒளிர்வது தெரியும், கழிப்பறைக்குப் போகும் வழியைப் பார்க்க உதவும். பாறையிடுக்கில் கண் போகாமல் கை போகக் கூடாது. சைட்வைண்டர் என்ற விரியன் வகைப் பாம்பு இங்கே வாழ்கிறது.

இப்போது சீப்பு. சோய்யா (cholla) என்ற கள்ளியின் துண்டு காலில் ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்கக் கூடாது, முள் விரலுக்கு மாறிவிடும். சீப்பின் பற்களைத் தோலுக்கும் கள்ளித் துண்டுக்கும் நடுவே நுழைத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ளுங்கள். எதிரில் யாரும் நிற்க வேண்டாம். மிச்ச முட்களை இடுக்கியால் எடுங்கள்.

காலை

உதயத்தின்போது வைட் டோம்ஸ் பார்க்கிங்கில் இருந்தால் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் உங்களுடையது. 1.8 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. கற்படிகளில் இறங்கியதும் 1960களில் ஒரு திரைப்படத்துக்காகக் கட்டிய கல்சுவரின் மிச்சம் நிற்கும். அதைத் தாண்டி ஒரு குறுகிய பிளவுக்குள் பாதை நுழையும். இரு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம் போன்ற அகலம். சற்று தூரம்தான், ஆனால் வானம் மேகமூட்டமாக இருந்தால் நுழையாதீர்கள். வெள்ளம் வந்தால் ஏறிக்கொள்ள இடமில்லை.

ஒன்பதரைக்குள் மௌசஸ் டேங்க் வந்துவிடுங்கள். போய்வர 1.2 கிலோமீட்டர், மணல் நிறைந்த ஓடைப்பாதை. பாறைகள் மேல் கறுப்பாக மெருகிட்டதுபோல் படிந்திருப்பது மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்த மேற்பூச்சு. படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைக் கொத்தி, உள்ளேயுள்ள வெளிர்நிறத்தை வெளிக்கொண்டுவந்து வரைந்தவைதான் இரு பக்கச் சுவர்களிலும் நீங்கள் பார்க்கும் ஆடுகள், மனிதர்கள், சுருள்கள். இங்கே பழங்காலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளான மூதாதைப் புவெப்லோ மக்களின் கைவேலை. தலையைத் தூக்கிப் பாருங்கள், கண்மட்டத்தில் மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசை அந்தப் பூச்சைக் கெடுக்கும். பாதை முடிவில் மழைநீர் தேங்கும் பாறைக் குழி இருக்கிறது. 1890களில் மௌஸ் என்று அழைக்கப்பட்ட தென் பையூட் இனத்தவர் ஒருவர் துரத்தியவர்களிடமிருந்து தப்பி இந்தப் பகுதியில் ஒளிந்திருந்தார். பாலைவனத்தில் ஒளிந்திருக்க முடிந்ததே இந்தத் தண்ணீரால்தான்.

பதினொன்று முதல் இரண்டு வரை நடைப்பாதைகளை விட்டுவிடுங்கள். முகாமைப் பிரிக்க, சாப்பிட, அட்லாட்டில் ராக்கின் இரும்புப் படிகளில் ஏறி, ஈட்டியெறியும் கோலின் செதுக்கலைப் பார்க்க இந்த நேரம் போதும்.

யாருக்காவது தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. உடனே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒருவர் உடனிருந்து உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் காரில் பார்வையாளர் மையத்துக்குப் போக வேண்டும். குணமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

திரும்பும் வழி

வந்த வழியே போகாமல் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுங்கள். வழியில் 1930களில் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்தின் தொழிலாளர்கள் அந்த மண்ணின் மணற்கல்லாலேயே பயணிகளுக்காகக் கட்டிய சிறு அறைகள், கடைசியாக எலிஃபன்ட் ராக். அதற்குச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. வாசலருகே உள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

வாசலைத் தாண்டினால் இரண்டு வழி. வடக்கே ஓவர்ட்டன் ஊர். அங்குள்ள லாஸ்ட் சிட்டி அருங்காட்சியகத்தில் பாறைகளில் நீங்கள் பார்த்த செதுக்கல்களைச் செய்த மக்களின் பானைகளும் கருவிகளும் இருக்கின்றன. அப்படியே போய் ஐ-15ஐப் பிடிக்கலாம். தெற்கே நார்த்ஷோர் சாலை அழகானது, ஆனால் அது லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் போகிறது. அதற்குத் தனிக் கட்டணம், மாநிலப் பூங்காச் சீட்டு அங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு கையில் இருந்தால் தெற்கே போங்கள், இல்லையென்றால் ஓவர்ட்டன்.